பொட்டு வைத்த பாஸ்போர்ட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை படகுத்துறையில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நான். என் வீட்டுக்காரர். ஏர்கான் வேலை பார்க்கும் சரவணன். மணி சேஞ்சர் ஜமால் பாய்.

ஐந்தாவதாக என் ஃபைல். அதையும் ஓர் ஆளாகத்தான் சேர்க்கவேண்டும்... படகில் அதற்குத் தனி ஸீட் தேவைப்பட்டது.

இதில் விசா தேவைப்பட்டது சரவணனுக்கு மட்டும்தான். நானும் வீட்டுக்காரரும் சிங்கப்பூரிலேயே பிறந்தவர்கள், எங்களுக்கு இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போக விசா வேண்டாம். ஜமால் பாய் படகு ஏறவே இல்லை. வழியனுப்ப வந்தவர் என்று மரியாதைக்குச் சொல்லலாம். உண்மையில், விடிவதற்கு முன்னால் நான் போன் போட்டு, அந்த ஊர்க் காசு வேண்டும், ரூபியா ரூபியா என்று புலம்பியதால் தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்தவர்.

விசா வேண்டியவன் நிம்மதியாக மைலோ குடித்துக்கொண்டிருந்தான். விசா வேண்டாத நான் ஃபைலில் இருந்த தாள்களை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கவலைப்படறதுக்கும் விசா வேணும்னு சொன்னா நீ வீட்டுலேயே இருந்திருப்ப" என்றார் வீட்டுக்காரர்.

இவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பின்னால் எத்தனை பேர் கத்தினாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது தொழில் பயிற்சி. வீட்டிலும் அதையே கடைப்பிடிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். சரவணன் அங்கே செப்புக் குழாயும் நட்டும் வாங்க வருகிற பையன். பையன் என்பது என் வாய்ப்பழக்கம், அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. புதுக்கோட்டைப் பக்கம். இங்கே வேலை பெர்மிட்டில் இருக்கிறான். தங்கல் சுவா சூ காங் பக்கம் ஒரு ரூமில், இன்னும் சிலரோடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தவன் சாமான் எதுவும் கேட்காமல் நின்றான்.

"அக்கா, அண்ணன் வந்திருக்காரு."

"எங்கடா?"

"பாத்தாம்ல."

அவனுடைய அண்ணன் குமரேசன் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் ரிப்பேருக்காகப் பாத்தாமில் ஒரு பட்டறையில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே போய் வர அனுமதி. திங்கட்கிழமை கப்பல் கிளம்பிவிடும்.

இவர்கள் அம்மா இறந்தபோது அண்ணன் நடுக்கடலில் இருந்தார். கொள்ளி வைத்தது சின்னவன்தான். அதற்குப் பிறகு அண்ணனுக்கு லீவு கிடைத்தால் தம்பிக்குக் கிடைக்காது, தம்பி ஊருக்குப் போனால் அண்ணன் எங்கோ பிரேசில் பக்கம் இருப்பார். அம்மா போனபிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. எல்லாம் போனில்தான். அதுவும் கப்பலில் சிக்னல் கிடைக்கும்போது.

இப்போது நடுவில் இருப்பது ஒரு மணி நேரப் படகு.

அண்ணனை இங்கே வரச்சொல்லலாம் என்றால் இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா முன்கூட்டியே எடுத்திருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் அதற்கு எங்கே போவது? ஆக, தம்பிதான் போகவேண்டும்.

"ஆன் அரைவல் உண்டுன்னு ரூம்ல சொல்றாங்கக்கா. போய் இறங்கினதும் குடுப்பாங்களாம்."

அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது.

நான் உயர்நிலை இரண்டோடு படிப்பை விட்டவள். படிக்காத பாடத்தையெல்லாம் சேர்த்துவைத்து இப்போது கவலைப்பட்டே படித்துக்கொண்டிருக்கிறேன். 'ஆன் அரைவல்' என்றால் என்ன? போய் இறங்கியதும் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போய் இறங்கும் வரைக்கும் கிடைக்காது என்பதும் அதே விஷயம்தானே? முன்கூட்டியே எடுக்கிற விசா என்றால் 'இல்லை' என்பதை வீட்டில் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். இதில் கடலைத் தாண்டிப் போய், பெட்டியும் கையுமாக நின்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

இந்த விஷயத்தில் வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். 'இந்தியர்கள் உடனே கிளம்பிப் போகக்கூடிய நாடுகள்' என்று எனக்கே ஒரே நாளில் மூன்று பட்டியல் வந்தது. ஒரே நாடு முதல் பட்டியலில் விசாவே வேண்டாம், இரண்டாவதில் போய் இறங்கி எடுக்கலாம், மூன்றாவதில் கிளம்பும் முன் ஆன்லைனில் எடுக்கவேண்டும். அனுப்பிய ஆளைக் கேட்டால் அவர் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லையாம்.

அதனால் வரிசையில் இரண்டு கடை தள்ளி இருக்கும் ஜமால் பாயிடம் போனேன். பணம் மாற்ற வருகிறவர்கள் எல்லோரும் போகிற ஊரைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போவார்கள். திரும்பி வந்ததும் அடுத்த கதை. அதனால் பாய்க்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே உலகம் தெரியும்.

"பாத்தாமுக்கு ஆன் அரைவல் உண்டு தங்கச்சி" என்றார். "பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாசமாவது ஆயுசு இருக்கணும். திரும்பி வர்ற டிக்கெட் இருக்கணும். ஒரு அஞ்சு லட்சம் இருக்கணும்."

எனக்குக் கண் இருட்டியது.

"ரூபியா" என்றார் பாய். "நாப்பது சிங்கப்பூர் வெள்ளி சொச்சம் வரும். உக்காருங்க, தண்ணி குடிங்க."

ஆன்லைனிலேயே முதல் நாள் எடுத்துவைக்கலாம், வரிசையில் நிற்கவேண்டாம் என்றும் சொன்னார். எனக்கா? முன்பின் தெரியாத பக்கத்தில் கார்டு நம்பரைத் தட்டுவதா? அது அரசாங்கப் பக்கம்தான் என்று பாய் சத்தியம் பண்ணாத குறை. அரசாங்கம் மாதிரியே வேஷம் போடுகிறவர்களும் இருக்கிறார்களே என்று நான் மறுத்துவிட்டேன். நேரில் போய், கண்ணெதிரில் இருக்கிற மனுஷனிடம் ரொக்கமாகக் கொடுப்பதுதான் எனக்குச் சரி.

பாத்தாமில் மலாய் பேசினால் புரியும். சரவணனுக்கு மலாய் வராது. எனக்குத் தேக்கா மார்க்கெட் மலாய் வரும். அதனால் நானும் போவது என்று முடிவானது. நான் போனால் வழியில் மயக்கம் போட்டு விழுந்துவிடுவேன் என்று வீட்டுக்காரரும் கிளம்பினார்.

சனிக்கிழமை முழுக்க ஃபைல் தயாரித்தேன். போகவர டிக்கெட்டின் நகல். நகலின் நகல். வெள்ளைப் பின்னணியில் போட்டோ, நீலப் பின்னணியில் போட்டோ. அவன் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். தடுப்பூசி அட்டை. அவனுடைய பத்தாவது மார்க் ஷீட்டைக்கூட போனில் வாங்கி பிரின்ட் எடுத்தேன். கணக்கில் நல்ல மார்க். யாருக்குத் தெரியும், கேட்டுவிட்டால்?

எல்லாம் ஆனபிறகும் மனசு அடங்கவில்லை. சாயங்காலம் அவன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு சிராங்கூன் ரோடு கோயிலுக்குப் போனேன்.

இதைச் செய்யாதவர்கள் நம்மில் யார்? புது வண்டி, கடைச் சாவி, பிள்ளையின் பரீட்சை ஹால் டிக்கெட் என்று எல்லாமே சாமி காலடிக்குப் போய்த்தானே வருகிறது? அர்ச்சனைத் தட்டில் பாஸ்போர்ட்டை வைத்தேன். குருக்கள் எடுத்துக்கொண்டு உள்ளே போகப் போனார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

பாஸ்போர்ட் மூடியிருக்கிறதே! சாமிக்கு இது யாருடையது என்று எப்படித் தெரியும்? ஊரில் இருக்கிற இந்திய பாஸ்போர்ட் எல்லாம் வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதானே?

குருக்களை நிறுத்தி, போட்டோ இருக்கிற பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவரும் அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அர்ச்சனை முடிந்து வந்தபோது சரவணன் முகத்துக்குக் கீழே சந்தனமும் குங்குமமும் அழகாக ஒரு பொட்டு. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் டிக்கெட் கவுண்டர் பெண் அந்தப் பொட்டைப் பார்த்தாள். சரவணனைப் பார்த்தாள். போர்டிங் பாஸைக் கொடுத்தாள். ஜமால் பாய் ஒரு கவரை என் கையில் திணித்து, உள்ளே ஐந்து லட்சம் இருக்கிறது, காசு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நான் போய்த் தூங்குகிறேன் என்றார்.

படகு கிளம்பியது. சரவணன் ஜன்னலோரம். மடியில் நான் கட்டிக் கொடுத்த தயிர்சாதப் பொட்டலம். அண்ணன் கேட்டாராம். கப்பலில் எல்லோருக்கும் சமைத்துப்போட்டு, இத்தனை வருஷமாகத் தன் கைச் சாப்பாட்டையே சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டதாம். வேறு யார் செய்தாலும் சரி, தயிர்சாதம் போதும் என்றாராம்.

பாதிக் கடலில் நான் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன்.

ஏன் பார்த்தேன்? சும்மா இருக்க முடியாமல்தான். பார்த்ததும் அடுத்த கவலை. டிக்கெட் கவுண்டர் பெண் ஏன் அப்படிப் பார்த்தாள்? அங்கே ஆபீசரும் அப்படிப் பார்த்தால்? துடைத்துவிட்டால் நல்லது. சாமி பார்த்தாயிற்று, இனிமேல் பொட்டு எதற்கு?

பையிலிருந்து ஈர டிஷ்யூ பேப்பரை எடுத்துத் துடைத்தேன்.

அது எட்டு வருஷப் பாஸ்போர்ட். இவன் ஏணியில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின் பாக்கெட்டில் இருந்தது. போட்டோ பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக், கீழ் ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் துடைக்கத் துடைக்க, கரைந்த குங்குமம் அந்த இடுக்கு வழியாக உள்ளே போய்விட்டது. பக்கத்தின் அடியில் இரண்டு வரி, அம்புக்குறி அம்புக்குறியாக இருக்குமே, மெஷின் படிப்பதற்கென்றே... சரியாக அதன் மேல். மேலே துடைத்தால் போகாது. உள்ளே விரல் போகாது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"தக்காளி சட்னி மாதிரி இருக்கு" என்றார்.

சரவணன் தயிர்சாதப் பொட்டலத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

பாத்தாமில் இறங்கியதும் ஆன் அரைவல் கவுண்டர். நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். ஐந்து லட்சத்தைக் கொடுத்தோம், ரசீது கொடுத்தார்கள். அவ்வளவுதான். வெங்காயம் வாங்குவதற்கே இதைவிட அதிக நேரம் ஆகும். என் ஃபைலை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மார்க் ஷீட் வீண்.

வீட்டுக்காரர் மெஷின் வாசலில் பாஸ்போர்ட்டை வைத்தார், கதவு திறந்தது, போய்விட்டார். நான் போகவில்லை. சரவணனோடு, பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவு வரிசையிலேயே நின்றேன்.

எதிரே கண்ணாடிக் கதவு. யாராவது வெளியே போகும்போது திறக்கும். அப்போது அந்தப் பக்கம் ஒரு மனுஷர் தெரிந்தார். கறுப்பாக, குட்டையாக, இஸ்திரி போட்ட சட்டையில். கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மூடியது. மறுபடி திறந்தபோது பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். 'உள்ளே என் பெண்டாட்டி பேசிட்டிருக்கா, லேட்டாகும்' என்றுதான் சொன்னாராம். அப்புறம் தெரிந்தது.

"அண்ணன்தான்கா" என்றான் சரவணன், மெதுவாக.

எங்கள் முறை வந்தது. இளம் ஆபீசர் பாஸ்போர்ட்டை மெஷினில் வைத்தார். மெஷின் சிவப்பு காட்டியது. திருப்பி வைத்தார். சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. பிறகு பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

இது என்ன, ரத்தமா என்று மலாயில் கேட்டார்.

என் மலாய் முழுக்க மீன் வாங்கக் கற்றுக்கொண்ட மலாய். விலை கேட்கலாம், குறைக்கச் சொல்லலாம், நேற்றுப் பிடித்ததா இன்றைக்குப் பிடித்ததா என்று சண்டை போடலாம். குடிநுழைவுக்கான சொல் எதுவும் அதில் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். நல்ல சாமான், கெட்டுப்போகவில்லை, ஃபிரெஷ்.

ஆபீசர் எழுந்து போய்விட்டார்.

சேதமான பாஸ்போர்ட் என்றால் அடுத்த படகிலேயே திருப்பி அனுப்பலாம். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு, தப்பே சொல்ல முடியாது. கட்டிய ஐந்து லட்சமும் திரும்பாது. அதுகூடப் போகட்டும். கதவு திறக்கிறது, அண்ணன் தெரிகிறார். கதவு மூடுகிறது. சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் கடல் தாண்டி இருந்தவர் இப்போது பத்து எட்டில் நிற்கிறார். அந்தப் பத்து எட்டை நான் துடைத்து அழித்துவிட்டேன்.

பெரிய ஆபீசர் அம்மா ஒருவர் வந்தார். முக்காடு போட்டவர், என் வயசுதான் இருக்கும். மறுபடியும் அதே கேள்வி. இந்தத் தடவை எனக்கு ஒரே ஒரு நல்ல மலாய் வார்த்தை ஞாபகம் வந்தது... செம்பாஹ்யாங். சாமி கும்பிடுவது. அதைச் சொன்னேன். கையைக் கூப்பிக் காட்டினேன். என் நெற்றிப் பொட்டைத் தொட்டு, பாஸ்போர்ட்டைத் தொட்டுக் காட்டினேன். பிறகு கண்ணாடிக் கதவைக் காட்டி, அவனுடைய அண்ணன், அம்மா இல்லை, நாளைக்குக் கப்பல் போய்விடும் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். இதெல்லாம் மீன் மார்க்கெட்டிலேயே கற்றுக்கொண்ட வார்த்தைகள்தான். அண்ணன், அம்மா, நாளைக்கு இல்லை.

அந்த அம்மா பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அப்பா பெயரும் அம்மா பெயரும் அங்கேதான் இருக்கும். விரலால் மறைத்துக்கொண்டு அந்தப் பெயர்களைச் சரவணனிடம் கேட்டார். சொன்னான். பாஸ்போர்ட்டோடு கண்ணாடிக் கதவுக்கு நடந்தார். திறந்த கதவின் நடுவில் நின்று அண்ணனிடம் அதையே கேட்டார். அவரும் சொன்னார். அந்த அம்மா அண்ணன் முகத்தைப் பார்த்தார், திரும்பித் தம்பி முகத்தைப் பார்த்தார்.

இரண்டு பேருக்கும் காது அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே அச்சு.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இளம் ஆபீசரை நகரச் சொல்லிவிட்டு, நம்பரைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகத் தட்டினார். முத்திரை விழுந்தது. அந்தச் சத்தம் மாதிரி ஒரு நாதஸ்வரத்தை நான் கேட்டதில்லை.

பாஸ்போர்ட்டை அவனிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். நிறுத்தி நிதானமாக, எனக்குப் புரிகிற மலாயில் சொன்னார்.

"அடுத்த தடவை ஆளுக்காக வேண்டிக்குங்க. பாஸ்போர்ட்டை விட்டுடுங்க."

சீக்கிரம் புது பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், வேறு ஆபீசர் யாராவதாக இருந்தால் விடமாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வெளியே அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடித்து அழுவார்கள் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். அவர்கள் அப்படி எதுவும் செய்யவில்லை.

"எளைச்சுட்டடா" என்றார் அண்ணன்.

"நீங்க கறுத்துட்டீங்க."

அவ்வளவுதான். ஆனால் சொல்லும்போது அண்ணன் தம்பியின் சட்டைக் காலரைச் சரிபண்ணினார். சரிபண்ணிய கையை எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டுதான் சாப்பாட்டுக் கடை வரைக்கும் நடந்தார். அழுதது நான் மட்டும். கைக்குட்டை வீண் போகவில்லை.

கடையில் உட்கார்ந்து, என் தயிர்சாதத்தை அண்ணன் சாப்பிட்ட அழகைப் பார்க்கவேண்டும். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றார். சமையல்காரர் இல்லையா? ஆனால் பொட்டலத்து இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

சரவணன் பொட்டுக் கதையைச் சொன்னான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் சிரிக்காமல் பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பழைய ரெக்ஸின் கவர். அதன் மேல், நடுவில், மங்கிப்போன ஒரு சிவப்பு வட்டம்.

"மொத தடவ கப்பலுக்குக் கெளம்பறப்ப அம்மா வெச்சது. பாஸ்போர்ட்ட மாத்திட்டேன், கவர மாத்தல."

தம்பி அந்தக் கவரை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா கவரு போட்டு, கவரு மேல வெச்சாங்கக்கா" என்றார்.

வீட்டுக்காரர் கெக்கேகெக்கே என்று சிரித்தார். படகில், பஸ்ஸில், தெம்பனிஸில் எங்கள் வீட்டு லிஃப்ட்டில் என்று இன்றைக்கு வரைக்கும் 'கவரு மேல' என்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆகவே, திடீரென்று கிளம்பும் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆன் அரைவல் பயப்படுகிற விஷயமில்லை. போகிற நாட்டின் அரசாங்கப் பக்கத்தில் கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள், ஏனென்றால் சட்டம் நேற்று மாதிரி இன்றைக்கு இருக்காது. ஆறு மாச ஆயுசு, திரும்பி வர டிக்கெட், கொஞ்சம் ரொக்கம். ஃபைல் வேண்டாம். ரொம்ப முக்கியம்... என்னை மாதிரி ஓர் அக்கா கையில் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

சரவணன் புது பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். வந்ததும் எனக்குக் காட்டுவானாம். தொடவிடமாட்டானாம்.

விசா காசை அவன் கொடுக்க வந்தான், நான் வாங்கவில்லை. பொட்டு என்னுடையது என்றால் செலவும் என்னுடையதுதான். வெள்ளியாக எடுத்துக்கொண்டு ஜமால் பாயிடம் போனேன். அவரும் வாங்கமாட்டேன் என்கிறார்.

"நான் குடுத்தது ரூபியா தங்கச்சி. ரூபியாவாத்தான் வேணும்."

நீங்கள்தானே பாய் மணி சேஞ்சர், நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அது வியாபாரம். இது கடன். அந்தக் கப்பல் மறுபடி இந்தப் பக்கம் வரும்ல, அப்ப போய் அங்கேயே மாத்திக் கொண்டாங்க."

ஆக, அண்ணன் கப்பல் திரும்பி வரவேண்டும், தம்பிக்கு லீவு கிடைக்கவேண்டும், நான் மறுபடி படகு ஏறவேண்டும். எங்கள் பரம்பரையிலேயே லட்சக்கணக்கில் கடன் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று வீட்டுக்காரர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாய்க்கு நான் இன்னும் தரவேண்டியது: ஐந்து லட்சம் ரூபியா.